செவலைக்குக் கட்டின கூண்டு



சின்ன வெங்காயம் அறுத்துப் பட்டறை போட்டாச்சு. இனி பத்து நாளைக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். அதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் என் மச்சினன் மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். அபார்ட்மென்ட்ல மூணாவது மாடியில் குடியிருக்கிறான். "மாமா, ஒரு நாய்க்குட்டி எடுத்திருக்கறேன். கடைக்காரர் கம்பிக் கூண்டு ஒண்ணு வாங்கிக்கச் சொல்றாரு. வீட்டுல அவ வேண்டாங்கிறா, பாவம்கிறா. நீங்க செவலைக்குக் கூண்டு வெச்சிருக்கீங்கல்ல? நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியலைங்க. "நாளைக்குப் பேசறேன் மாப்ளே" என்று வைத்துவிட்டேன். செவலை பக்கத்துலதான் படுத்திருந்தான். பெரிசா ஒரு கொட்டாவி விட்டான். அவன் கொட்டாவி விடும்போது பார்த்தீங்கன்னா இடது பக்கம் மேல் கோரைப்பல் இருக்காது. அந்தப் பல் என்னாலதான் போச்சு. நான் கட்டின கூண்டாலதான் போச்சு. இன்னைக்கு அதே செவலை ராத்திரி ஒன்பது மணியானா யாரும் கூப்பிடாம தானே போய்க் கூண்டுக்குள்ள படுத்துக்கறான். இந்த ரெண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

நம்ம தோட்டம் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கு. நாலரை ஏக்கர் கிணத்துப் பாசனம், மூணு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடுன்னா எங்க பக்கத்து மேய்ச்சல் நிலம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அதில் முப்பது, முப்பத்தஞ்சு செம்மறி மேயும். பொழுது சாய்ஞ்சா ஆடுகளைச் சாளைக்குப் பக்கத்தில் பட்டியில் அடைச்சிருவோம்.

எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு அடைப்பு உண்டு. ஆட்டுக்குப் பட்டி. பால்குடி மறக்காத குட்டிக்குக் கொடாப்பு. கோழிக்குப் பஞ்சாரம். மாட்டுக்குக் கட்டுத்தறி. ஊர் மேயற மாட்டைப் பிடிச்சு அடைக்கத் தொண்டுப்பட்டின்னு ஒண்ணு அந்தக் காலத்துல இருந்துச்சு. நாய்க்கு மட்டும் எதுவும் கிடையாது. தின்னது போக மிச்சம் போடுவோம், அது பாட்டுக்குத் திரியும், ராத்திரி குரைக்கும். நாய்ன்னா அப்படித்தான்னு இருந்தோம். எங்க அப்பா காலத்துல ஊருக்கு எட்டு நாய், பத்து நாய். அதுவும் எந்த நாய் யார் வீட்டு நாய்ன்னு எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அப்படி இல்லைங்க. ரோட்டோரம் கறிக்கடைக் கழிவு கொட்டற இடமெல்லாம் நாய்க்கூட்டம். பேப்பர்ல பார்த்திருப்பீங்க. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கமெல்லாம் நாய்கள் கூட்டமாப் பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கடிச்சுப் போட்டிருது. செத்த ஆட்டை ரோட்டுல போட்டு விவசாயிங்க மறியல் பண்ணினதும் நடந்திருக்கு. ஒரு பெட்டை ஆடு இன்னைக்கு எட்டாயிரம் பத்தாயிரம் போகும். பத்து ஆடு போச்சுன்னா ஒரு குடும்பத்துக்கு அந்த வருஷம் போச்சு.

மூணு வருஷம் முந்தி ஐப்பசியில், மழை தூறின ஒரு ராத்திரி, என் பெரியப்பா மகன் பட்டியில் இது நடந்தது. எனக்கு அண்ணன் முறை. எங்க வேலியும் அவர் வேலியும் ஒண்ணுதான். விடியக்காலம் சத்தம் கேட்டு ஓடினேன். ஒன்பது ஆடு கிடந்தது. நாய் ஆட்டைத் திங்கறதுக்குக் கடிக்கறதில்லை. தொரத்தறது, தொடையைக் கடிக்கறது, குரல்வளையைக் கடிக்கறது, அப்பறம் அடுத்த ஆடு. ஆடு மிரண்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தும் சாகும். அண்ணன் எதுவும் பேசலை. ஒரு சினை ஆட்டு வயித்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தப்ப செவலை எங்க தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். நெஞ்சுல அவனுக்கு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. அந்தத் திட்டுல ரத்தம்.

அவன் உடம்பில் காயம் இருக்கான்னு தடவிப் பார்த்தேன். இல்லை. கூட்டத்தோட சேர்ந்து கடிச்சானா, இல்லை எல்லாம் முடிஞ்ச அப்பறம் வாசம் பிடிச்சுப் போனானா, எனக்குத் தெரியலை. நான் என்ன செஞ்சேன் தெரியுங்களா? தொட்டியிலிருந்து நாலு குடம் தண்ணி மொண்டு அவன் மேல ஊத்தித் தேய்ச்சுக் கழுவினேன். யோசிச்செல்லாம் செய்யலை. கை தானாச் செஞ்சுது.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தார். ஈரமா நின்ன செவலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மழை தூறற நாள்ல காலங்காத்தால நாயைக் குளிப்பாட்டியிருக்கறயே தம்பி" என்றார். நான் குனிஞ்சுக்கிட்டேன். போகும்போது திரும்பி, "இன்னொரு நாள் ராத்திரி உன்ற நாயை என் காட்டுல பார்த்தா நான் சும்மா இருக்க மாட்டேன். அப்பறம் என்னைச் சொல்லாதே" என்றார். சும்மா இருக்க மாட்டேன்னா என்னன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சோத்துல பூச்சிமருந்து வைக்கறதுதான்.

அன்னைக்கு ராத்திரி செவலையைச் சங்கிலியில் கட்டினேன். மூணு வருஷம் அவிழ்த்தே வளர்த்த நாய். கம்பத்தைச் சுத்திச் சுத்திச் சங்கிலி குறுகிப்போய், கழுத்து இறுகி, ராத்திரி முழுக்க ஊளை. ரெண்டாம் நாள் கழுத்துல தோல் உரிஞ்சு போச்சு. சரி, சங்கிலி வேண்டாம், கூண்டு கட்டிரலாம்னு நினைச்சேன்.

இங்கதான் நான் தப்புக்கு மேல தப்பு செஞ்சேன்.

வீட்டில் பழைய கம்பி கிடந்தது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து மூணடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்தில் ஒரு கூண்டு அடிச்சேன். இருக்கற கம்பிக்குத் தக்கபடி கூண்டு. நாயை அளந்து பார்க்கவே இல்லை. மேலே தகரம். அடியிலும் கம்பிதான், பலகை கிடையாது. கம்பிக்குக் கம்பி மூணு அங்குலம் சந்து. கொண்டு வந்து மேக்குப் பக்கம் காலி இடத்துல வெச்சேன், அங்கதான் இடம் இருந்துச்சு. பொழுது இறங்கினதும் செவலையைக் கழுத்துப் பட்டையோட பிடிச்சு உள்ளே தள்ளிப் பூட்டுப் போட்டேன். சாவி என் அண்ணாக்கயித்துல.

வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, காவலுக்கு வெச்சிருக்கற நாயைப் பூட்டி வெச்சா பட்டிக்கு யாருங்க காவல்?" எனக்குக் கோவம்தான் வந்தது. பதில் இல்லாதபோது வேறென்ன வரும்?

நடுச்சாமம் வரைக்கும் குரைச்சான். அப்பறம் சத்தம் நின்னுது. பழகிட்டான்னு நினைச்சுத் தூங்கிட்டேன். காலையில் போய்ப் பார்த்தா கம்பியெல்லாம் எச்சிலும் ரத்தமும். முன்னங்கால் நகம் ரெண்டு பிஞ்சு தொங்குது. கோரைப்பல் பாதியில் உடைஞ்சு, நடுவில் சிவப்பாத் தெரியுது. ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடிச்சிருக்கிறான். கதவைத் திறந்தேன். என் மேல தாவிக் கடிச்சிருந்தாலும் தேவலைங்க. வாலைக் காலுக்கிடையில் வெச்சுக்கிட்டு என் காலை நக்கினான்.

உள்ளூர் கால்நடை டாக்டர் பார்த்துட்டு, "நரம்பு தெரியுதுங்க. விட்டா சீழ் வெச்சுரும், நாமக்கல் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆம்னி வண்டி பிடிச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினாங்க. அங்கே ஒரு டாக்டர் வயசானவர், பொறுமையாப் பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டலை. "நாய் கூண்டைக் கடிக்கலைங்க, வெளிய வர்ற வழியைத் தேடியிருக்கு. பயத்துல தேடினது அடம் இல்லை" என்றார். அப்பறம் அவர் சொன்னது இது: 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே கூண்டைப் பத்தி இருக்காம். உயரம், நீளம், அகலம் பத்தாம அசைய முடியாத கூண்டில் ஒரு ஜீவனை அடைச்சா குத்தம். கட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டினா குத்தம். எப்பவும் கட்டியோ அடைச்சோ வெச்சிருக்கற நாயை நடக்க, ஓட விடாம இருந்தாலும் வளர்க்கறவங்க மேல குத்தம். நான் முதல் ரெண்டையும் செஞ்சு முடிச்சிருந்தேன்.

திரும்பற வழியில் கோயமுத்தூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். அவள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு, கோகோன்னு பேரு. லேப்ரடார். அவள் வீட்டுக்குள்ளேயே மடக்கற கம்பிக் கூண்டு ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்து நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன். "வீட்டுக்குள்ளயே ஜெயிலா கண்ணு"ன்னு. அவள் சொன்னாள்: "அப்பா, ரெண்டு நாள் வந்து இருங்க. கோகோவைச் சும்மா பாருங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

போனேன். பார்த்தேன். அந்தக் கூண்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கு. மேலே ஒரு பழைய போர்வை மூணு பக்கமும் தொங்குது. வீட்டில் விருந்தாளி வந்து சத்தமானா கோகோ எழுந்து போய் அதுக்குள்ள படுத்துக்குது. குக்கர் விசில் அடிச்சா உள்ளே போகுது. பேரன் வாலைப் பிடிச்சு இழுத்தா உள்ளே போகுது. அது உள்ளே போயிட்டா பேரன் தொடக்கூடாது, அது அந்த வீட்டுச் சட்டம். மகள் கடைக்குப் போகும்போது ஒரு மணி நேரம் கதவைச் சாத்தறாள். அது தலையைக்கூடத் தூக்கலை.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க கொடாப்புக்குட்டியும் இப்படித்தானே? பிறந்த நாலாம் நாளிலிருந்து பழகின குட்டி சாயங்காலம் கொடாப்பைத் தூக்கினா தானே ஓடி வந்து உள்ளே நிக்கும். நான் செவலைக்குச் செஞ்சது வேற. வளர்ந்த நாயை, கதவு திறந்திருக்கறதை ஒரு தடவைகூடக் காட்டாம, பூட்டை முதல்ல காட்டிட்டேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையா செவலையை நிக்க வெச்சுச் சணல் கயித்தால் அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கற இடம் வரைக்கும் முப்பத்திநாலு அங்குலம். தரையிலிருந்து உச்சந்தலை வரைக்கும் இருபத்தெட்டு அங்குலம். ரெண்டடி உயரக் கூண்டுக்குள்ள அவன் ராத்திரி முழுக்கத் தலையைக் குனிஞ்சே நின்னிருக்கிறான்.

கூண்டு எவ்வளவு இருக்கணும்னா, நாய் தலை குனியாம நிக்கணும், இடிக்காமத் திரும்பணும், காலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கணும். வளர்ந்த நாய்க்கு இதுக்கு மேல இடம் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான். குட்டிக்கு மட்டும் ரொம்பப் பெரிசா இருந்தா ஒரு மூலையில் ஒண்ணுக்குப் போயிட்டு மறு மூலையில் படுத்துக்கும். படுக்கற இடத்தை அசிங்கம் பண்ணக்கூடாதுங்கற குணத்தை வெச்சுத்தான் அதுக்குப் பழக்கம் சொல்லித் தர்றது. அதனால குட்டிக்குப் பெரிய கூண்டு வாங்கி நடுவில் ஒரு தட்டி வெச்சு, வளர வளரத் தள்ளி வெச்சுக்கலாம்.

புதுக் கூண்டு நாலடி நீளம், மூணடி அகலம், மூணடி உயரம். கம்பிக்குப் பதிலாச் சின்னக் கண்ணு வெல்டுமெஷ், தாடை உள்ளே போகாத அளவு. பெரிய சந்து இருந்தா தலையோ தாடையோ மாட்டிக்கும். அடியில் அரை அடி உயரத்தில் கால், மேல வேப்பம்பலகை. மழைத்தண்ணி, எறும்பு, தேள் எல்லாத்துக்கும் அந்த அரை அடி வேணும். பலகை மேல சாக்கு. வாரம் ஒரு தடவை சாக்கை அலசி வெயில்ல போட்டிரணும். இல்லைன்னா உண்ணி குடும்பம் நடத்தும். தண்ணிக் கிண்ணத்தைப் பக்கக் கம்பியில் மாட்டிட்டேன், கவுந்து போகாது.

தகரத்தைக் கழட்டிட்டுத் தென்னங்கீத்து வேய்ஞ்சேன். நம்மளை மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காதுங்க. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை விடும். சாதாரணமாவே அதுக்கு உடம்பு 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். நமக்கு அது காய்ச்சல். காத்து ஓடாத தகரத்துக்குள்ள அடைச்சா எவ்வளவு இளைச்சாலும் சூடு இறங்காது, சுருண்டு விழுந்துரும். மூஞ்சி சப்பையா இருக்கற நாய்க்கு இன்னும் மோசம். நகரத்துல இருக்கறவங்க பால்கனி வெயில்லயும், நிறுத்தின கார்லயும் நாயை வைக்கறதைப் பார்க்கறேன். தயவு பண்ணி வேண்டாம்ங்க.

கூண்டை எங்கே வைக்கறதுன்னு வீட்டுக்காரம்மாதான் சொன்னாள். பட்டிக்கும் சாளைக்கும் நடுவில், வேப்பமரத்தடியில். ஒரு பக்கம் ஆடு தெரியும், ஒரு பக்கம் நான் படுக்கற கயித்துக்கட்டில் தெரியும். அவள் கேட்ட கேள்விக்கும் அதுலயே பதில் கிடைச்சுது. காவல்ங்கறது நாயோட பல்லு இல்லை, குரல். உள்ளே இருந்து அவன் குரைப்பான், நான் டார்ச்சும் தடியுமா எந்திரிச்சுப் போவேன். அந்த வேலையை நாயிடம் விட்டுட்டு நான் நிம்மதியாத் தூங்கினதாலதானே இத்தனையும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கூண்டு செய்ய ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள செவலையைப் போக வைக்க ஏழு வாரம் ஆச்சு.

முதல் ரெண்டு வாரம் கூண்டைக் கண்டாலே இருபதடி தள்ளிப் போவான். கதவைக் கயித்தால் மரத்தோட இழுத்துக் கட்டிட்டேன், காத்துக்குக்கூடச் சாத்தக்கூடாதுன்னு. சோத்துத் தட்டைக் கூண்டுக்குப் பத்தடி தள்ளி வெச்சேன். மறுநாள் ஒன்பதடி. வாசல்படி வரைக்கும் கொண்டுவர எட்டு நாள். தலையை மட்டும் உள்ளே விட்டுத் தின்னான். பின்னங்கால் வெளியே, எந்த நேரமும் ஓடத் தயாரா. நான் ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருப்பேன்.

மூணாவது வாரம் நாலு காலும் உள்ளே வந்துச்சு. அப்பவும் கதவைத் தொடலை. நாலாவது வாரம் தின்னும்போது கதவை லேசா ஒதுக்கி, தின்னு முடிக்கறதுக்குள்ள திறந்தேன். அப்பறம் தின்னு முடிச்சு ஒரு நிமிஷம். அப்பறம் அஞ்சு நிமிஷம். அப்பறம் கிணத்து மேடு வரைக்கும் போய்ட்டு வர்ற நேரம். ஒரு நாள் அவசரப்பட்டு மோட்டார் ரூம் வரைக்கும் போயிட்டேன். வந்து பார்த்தா வாயில எச்சில் ஒழுகக் கம்பியைச் சுரண்டறான். உடனே திறந்துவிட்டு மறுநாள் மறுபடி ஒரு நிமிஷத்துக்கே போனேன். ஏணியில இருந்து ரெண்டு படி இறங்கறதில் வெட்கம் இல்லைங்க.

சும்மா முனகினா கொஞ்சம் பொறுத்து, ஒரு மூச்சு அமைதியானதும் திறக்கலாம். முனகினா கதவு திறக்கும்னு கத்துக்கக்கூடாது. ஆனா எச்சில் ஒழுகறது, கம்பியைக் கடிக்கறது, நடுங்கறது, இதெல்லாம் முனகல் இல்லை, பயம். அப்ப உடனே திறந்துரணும், தப்பு நம்மளுது. தனியா விட்டாலே பதறிப்போற நாய் சிலது உண்டு. அதுக்குக் கூண்டு மருந்து இல்லை, கூண்டால பயம் கூடத்தான் செய்யும். டாக்டரைத்தான் பார்க்கணும்.

உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழட்டிருவேன். கம்பியில் மாட்டி இறுகிப்போகும். பூட்டு கிடையாது, நாதாங்கி மட்டும்தான். பாம்பு வந்தாலோ, தீப்பிடிச்சாலோ சாவி தேடிக்கிட்டு நிக்க முடியாது. ஒரு ஜீவனை அடைக்கும்போது ஓடித் தப்பிக்கற வழியை நாம அதுகிட்ட இருந்து வாங்கிக்கறோம். வாங்கினா அந்தப் பொறுப்பு நம்ம தலையில வந்துருது. தப்பு செஞ்சான்னு கோவத்துல ஒரு நாளும் அவனைக் கூண்டுக்கு அனுப்பினதில்லை. தண்டனைக்கு ஒரு தடவை பயன்படுத்தினாலும் ஏழு வாரமும் வீண்.

இப்ப ராத்திரி ஒன்பதிலிருந்து காலையில் அஞ்சு வரைக்கும் நாதாங்கி. படுக்கப் போகுமுன்ன ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போவேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சதும் பால் கறக்கறதுக்கு முன்னாடி அவனைத்தான் திறப்பேன். அப்பறம் அவனும் நானும் வேலியோரமாக் கொறங்காட்டை முழுசா ஒரு சுத்து. மழையானாலும், முழங்கால் வலியானாலும் அந்தச் சுத்து உண்டு. எட்டு மணி நேரம் அவன் எனக்குக் கொடுக்கறான், நான் திருப்பிக் கொடுக்கணும். பகல்ல கதவு திறந்தேதான் கிடக்கும். வெயில் ஏறினா அவனே உள்ளே போய்ப் படுப்பான். தீவாளிக்கு வேட்டுச் சத்தம் கேட்டு முன்னெல்லாம் எங்கயோ ஓடிப்போயிருவான். இப்ப மேலே ரெண்டு போர்வையைப் போட்டா உள்ளேயே சுருண்டுக்கறான்.

இது நடந்து முடிஞ்சு நாலு மாசம் இருக்கும். மாசியில் ஒரு ராத்திரி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் பட்டியில் மறுபடி நாய் புகுந்துருச்சு. ஆறு ஆடு. அஞ்சு மணிக்கு நான் எந்திரிக்கும்போது வேப்பமரத்தடியில் டார்ச் வெளிச்சம். அண்ணன் நின்னுக்கிட்டிருந்தார். கூண்டைச் சுத்தி வந்தார். நாதாங்கியைத் தொட்டுப் பார்த்தார். குனிஞ்சு செவலையோட நெஞ்சுல வெளிச்சம் அடிச்சார். வெள்ளைத் திட்டு வெள்ளையாவே இருந்துச்சு. செவலை வாலை ரெண்டு தடவை சாக்குல அடிச்சான்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா டீ கொண்டு வந்தாள். அண்ணன் கட்டில்ல உட்கார்ந்து குடிச்சார். அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்தப்ப, நாலு மாசமா நெஞ்சுல கிடந்தது வெளிய வந்துருச்சு. "அண்ணா, அன்னைக்கு இவன் நெஞ்சுல ரத்தம் இருந்துச்சுங்க. நான்தான் கழுவினேன்."

அவர் டம்ளரைக் கீழே வைக்கலை. "தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்ற நாயா இருந்தா நானும் கழுவித்தான் இருப்பேன்" என்றார்.

அந்த வாரமே ரெண்டு பெட்டைக்குட்டி பிடிச்சுக்கிட்டுப் போய் அவர் பட்டியில் விட்டேன். அவர் வேண்டாம்னு சொல்லலை. சொல்லியிருந்தா எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்கும். செவலை அன்னைக்குக் கடிச்சானா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் இருக்கணும்போல. அவனைக் கேட்க முடியாது. அவன் ராத்திரியில் எங்கே இருக்கிறான்னு நான் அன்னைக்குத் தெரிஞ்சு வெச்சிருக்கலை, அதுதான் என் தப்பு.

மாப்பிள்ளைக்கு மறுநாள் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். கூண்டு வாங்கு, ஆனா குட்டியோட மூக்கையும் தலையையும் அளந்துட்டு, வளர்ந்தா எவ்வளவு வரும்னு கேட்டுட்டு வாங்கு. வீட்டில் ஆள் நடமாடற இடத்துல, வெயில் படாத மூலையில வை. குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோ, அத்தனை மணி நேரத்துக்கு மேல அதால ஒண்ணுக்கை அடக்க முடியாது. மூணு மாசக் குட்டின்னா நாலு மணி நேரம். அதுவே அதிகம். வளர்ந்த நாயா இருந்தாலும் பகல்ல நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல சாத்தாதே. ரெண்டு பேரும் காலையில் எட்டுக்கு ஆபீஸ் போய் ராத்திரி எட்டுக்கு வர்றவங்களா இருந்தா, பிரச்சினை கூண்டு இல்லை மாப்ளே, நாய்க்கு ஆள் இல்லை. அதுக்கு எந்தக் கடையிலயும் கூண்டு கிடைக்காது.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம், "ஏழு வாரமா மாமா?" என்றான்.

"உன்னுது குட்டிதானே, சீக்கிரமே பழகிரும். முதல் ஒரு வாரம் கதவைச் சாத்தவே சாத்தாதே. கழட்டி வெச்சுட்டாலும் நல்லது" என்றேன்.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தான். கதவு இல்லாத கூண்டு. உள்ளே கிழிஞ்ச சட்டை ஒண்ணு. அதுமேல பழுப்பு நிறத்துல ஒரு குட்டி, வயித்தைக் காட்டிக்கிட்டுத் தூங்குது.

மணி ஒன்பதாகப் போகுது. செவலை எந்திரிச்சுச் சோம்பல் முறிக்கிறான். நான் போய் நாதாங்கி போடணும். வர்றேனுங்க.